அக்காவின் வேண்டுதலை நான் நடந்தேன்

1

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் என் அக்காவுக்கு வருடப் பூசை. நான் போகவில்லை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலை எனக்கு. கூட வேலை செய்கிற இருவர் ஏற்கெனவே விடுப்பில் இருப்பதால் என் விண்ணப்பம் ‘வருந்துகிறோம்’ என்று திரும்பி வந்துவிட்டது. இந்த ஊரில் எதை மறுத்தாலும் வருந்திக்கொண்டேதான் மறுப்பார்கள்.

பூசைக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றி ஒரு கதை பேசிக்கொள்வார்கள் என்று தெரியும். “பிலோமினா தம்பி லண்டன்லருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தானாமே” என்று காசிமேட்டு மீன் மார்க்கெட் வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. நான் இருப்பது லண்டனும் இல்லை, இங்கிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கக் கடலில்தான் இறங்க வேண்டும். இல்லாத பெருமையை மறுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கையில் அந்த நடையின்போது எழுதிய நோட்டு இருக்கிறது. மழையில் நனைந்து பாதி ஊதிப்போயிருக்கிறது.

2

நானும் அக்காவும் பிறந்தது ராயபுரம். அக்காவைக் கட்டிக் கொடுத்தது எண்ணூரில், முகத்துவாரத்துக்குப் பக்கம். கொடியில் காய்ந்த துணியை ஒருமுறை உதறாமல் மடித்தால் உடம்பெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டும் இடம். மாமா சீக்கிரமே போய்விட்டார். அக்கா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்று ஒரே பிள்ளை அந்தோணியை வளர்த்தாள். பேரத்துக்கு வருகிறவர்கள் அவளிடம் இரண்டாவது வார்த்தை பேச மாட்டார்கள். அவள் வாய் அப்படி.

அந்தோணி ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலியாக இருந்தான். ஒருநாள் சங்கிலி அறுந்து அவன் இடுப்புக்குக் கீழே இரும்பு விழுந்தது. பிழைத்தாலும் கால் இருக்குமா என்று டாக்டர்களே கையை விரித்த நிலை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அக்கா வேண்டிக்கொண்டாள்: பிள்ளையின் உயிரும் காலும் தப்பினால், காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் மாதாவே. ராயபுரத்திலிருந்து ஆகஸ்ட் மாதம் சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடந்து போகும். அதோடு போவதாக வேண்டுதல்.

உயிரும் தப்பியது, காலும் தப்பியது. ஆனால் கட்டை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிற கால். அந்த வருடமே அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தை அவள் ஒருநாள்கூட முழுதாக அனுபவிக்கவில்லை. வேண்டுதல் பாக்கி நிற்கிறது என்பது ஒன்றே அவளைத் தின்றது.

“குடுக்கறேன்னு சொல்லி வாங்கிக்கினேன்டா. குடுக்காம எப்புட்றா சாவறது?” என்று போனில் கேட்பாள். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. ஆனால் அக்கா அழுதால் எனக்குத் தாங்காது. வேண்டியவர்கள் முடியாமல் போனால் கூடப் பிறந்த ரத்தம் நடக்கலாம் என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நான் வந்து நடக்கிறேன் என்று சொல்லி, சேர்த்து வைத்த விடுப்பை எல்லாம் ஒன்றாகக் கேட்டு வாங்கினேன்.

3

பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். புதுப்பிக்கக் கொடுத்தேன். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு பிறந்த நம் ஆட்களுக்கு இந்தப் பூமியில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் ஒரு நிரந்தரச் சனி. பழைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. இங்கே கொடுத்த குடியிருப்பு அட்டையில் என் பெயரே குடும்பப் பெயர். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து மட்டும். மூன்று பேரும் ஒரே ஆள்தானா என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன். மறுபடி திரும்பியது. போனில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, “உங்கள் குடும்பத்தை எப்படி அழைப்பார்கள்?” என்று கேட்டாள். ராயபுரத்தில் எங்களை எப்படி அழைப்பார்கள் என்பதை அவளிடம் சொல்ல முடியாது.

விடுப்பு தொடங்கும் நாள் வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அப்ப உன்னால வர முடியாதா?”

“முடியாதுக்கா. பாஸ்போர்ட் இல்லாம ஏர்போர்ட்டுக்குள்ளயே விட மாட்டான்.”

நான் மன்னிப்பு கேட்கத் தொடங்கியபோது குறுக்கே கேட்டாள்: “அங்க நடக்க ரோடு கீதா?”

“என்னக்கா?”

“ரோடுடா. காலு உனுதுதானே? மாதா வேளாங்கண்ணில மட்டுமா குந்திகினு கீறா? தூரம் ஒண்ணுதானே. அதே தூரத்த அங்க நட.”

4

என் மகள் ஜெனி இங்கேயே பிறந்தவள். விடுமுறை கிடைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறப் போய்விடுவாள். எங்களோடு தமிழில் பேசுவதை எந்த வயதில் விட்டாள் என்று எனக்கோ என் மனைவிக்கோ சரியாக நினைவில்லை; ஒரு நாளில் நின்றது இல்லை அது. அத்தையின் வேண்டுதலை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். என் ஆங்கிலத்தில் அது ஏதோ வங்கிக் கடன் போலத்தான் வந்தது. ஆனால் நீண்ட தூரம் நடக்கப் போகிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க அவளிடம் ஒன்று இருந்தது. கடற்கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்கே போகும் பாதையைப் படத்தில் காட்டினாள். கூடாரம், அடுப்பு, மழைச்சட்டை எல்லாம் கொடுத்தாள். கடைசியில் ஒரு நோட்டு. தினமும் எழுதுங்கள், இல்லாவிட்டால் எல்லா நாளும் ஒரே நாளாகக் குழம்பிவிடும் என்றாள்.

எதை எழுதுவது என்றேன். வானிலை, எவ்வளவு தூரம், எங்கே தூங்கினீர்கள், மனசு எப்படி இருந்தது என்றாள்.

அப்படியே எழுதினேன். இங்கே மதியம் ஆகும்போது எண்ணூரில் சாயங்காலம். பாதையோரம் உட்கார்ந்து, முதல் நாள் எழுதியதை மறுநாள் மதியம் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. முதல் தடவை படித்தேன்: ‘காலையில் தூறல். பிறகு காற்று. கடல் சாம்பல் நிறம். இடது முழங்கால் வலி. தூரத்தில் மூடிப்போன ஒரு இரும்பு ஆலை. மாலை வெயில் வந்தது. மனம் அமைதி.’

“இன்னாடா, ரேடியோல வானிலை அறிக்கையா படிக்கிற?” என்றாள் அக்கா. “இன்னா துன்ன?”

“ரொட்டியும் சீஸும்.”

“யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கலக்கா. கடைல வாங்கிப் பையில வெச்சிருக்கேன். மூணு நாளைக்கு வரும்.”

“அய்யே! சோத்தக் கட்டிக்கினு போறதுக்குப் பேரு நடையா? அதுக்கு பஸ்ல போ. ஒரு நாளிக்கி ஒரு வேளையாச்சும் முன்ன பின்ன தெரியாதவங்க கையால வாங்கித் துன்னணும்டா. மறந்துட்டியா நீ? உன்னையும் இட்டுகினுதானே போனேன்?”

மறக்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது அவள் ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடந்தாள். பள்ளி விடுமுறை என்று நானும் கூடப் போனேன். மரக்காணம் தாண்டி ஒரு வீட்டு வாசலில், மார்க்கெட்டில் எவருக்கும் இறங்காத என் அக்கா, ஒரு அம்மாளின் முன்னால் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அந்த அம்மாள் கஞ்சி ஊற்றி, ஊறுகாய் வைத்தாள். அவர்கள் நம் வேதக்காரர்கள்கூட இல்லை. கஞ்சியைக் குடித்தபோது அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. நடப்பதைவிட அதுதான் அவளுக்குக் கஷ்டம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

“நேத்து நடந்தது கணக்குல இல்ல,” என்றாள் அக்கா. “இன்னிலேருந்து நட.”

5

இந்த ஊரில் நீண்ட தூரம் நடப்பவர்களின் பெருமையே யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதுதான். வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு போவார்கள். எதிரே வருகிறவருக்கு ஒரு ‘குட் மார்னிங்’, அதோடு சரி. நானும் இத்தனை வருடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டதில்லை. கேட்காமல் வாழ்வதைத்தான் மரியாதை என்று இங்கே கற்றுக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், “பார்சலை அங்கேயே வைத்துவிடு” என்றார். பார்சல் இல்லை, சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த ஊரில் நல்ல காபிக்கடை இருக்கிறது என்று வழியைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. நான் கேட்ட விதம் அப்படி. முகம் தெரியாதவரிடம் கை நீட்ட எனக்கு வரவில்லை, வழி கேட்கிறவனைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு கதவு. ஒரு வீட்டில் எந்த அறக்கட்டளைக்காக நடக்கிறீர்கள் என்று கேட்டு, உள்ளே போய்ச் சில்லறை எடுத்து வந்தார்கள். இங்கே ஒருவன் காரணமில்லாமல் நெடுந்தூரம் நடந்தால் அது நன்கொடைக்காகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. கடைசிக் கதவைத் திறந்தது மார்கரெட் என்ற வயதான அம்மா. அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: என் அக்கா இந்தியாவில் நோயில் இருக்கிறாள், அவள் மகன் பிழைத்ததற்காக அவளுக்குப் பதில் நடக்கிறேன், இன்றைக்கு ஒரு வேளை தெரியாதவர் கையால் சாப்பிட வேண்டும் என்பது அவள் கட்டளை.

அவர் என்னை உள்ளே உட்கார வைத்து, டப்பாவில் இருந்த தக்காளி சூப்பைச் சுட வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் இரண்டு துண்டு ரொட்டி. நான் தலையைக் குனிந்துகொண்டே குடித்தேன். அக்கா பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அதைப் படித்தபோது போனில் அக்கா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

“வெள்ளக்காரம்மா என் பேரக் கேட்டாளா? நல்லா இருக்கட்டும். மார்க்ரேட்டு. இன்னிக்கி செபமாலைல சொல்றேன்.”

அதன் பிறகு நோட்டு மாறிவிட்டது. வானிலை போய்விட்டது. யார் கொடுத்தார்கள், என்ன கொடுத்தார்கள், கொடுக்கும்போது என்ன சொன்னார்கள் என்பதுதான் பக்கம் பக்கமாக. தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். உள்ளே கறி என்று தெரிந்ததும், அது வெள்ளிக்கிழமை என்பதால் அக்காவுக்குச் சங்கடம். ஒரு போலந்துக்காரப் பெண் முட்டைக்கோஸில் செய்த ஏதோ ஒன்றைக் கொடுத்து, அவள் அம்மாவும் இப்படி நடந்திருக்கிறாள் என்றாள். டயாலிசிஸ் படுக்கையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாளாம் அக்கா. பக்கத்துப் படுக்கைக்காரர்களும் கேட்பார்களாம்.

ஒருநாள் முழுக்கப் புயல் மழை. பாதையில் ஈ காக்கை இல்லை. தட்டிய ஒரே கதவும் திறக்கவில்லை. கூடாரத்துக்குள் பையில் ரொட்டி இருந்தது. சாப்பிட்டுவிட்டு, ‘ஜான் என்பவர் கொடுத்தார்’ என்று எழுதிவிட்டால் எண்ணூரில் யாருக்குத் தெரியும்? பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஏனோ எழுத வரவில்லை. ரொட்டியைத் தொடாமல் படுத்தேன்.

“பட்டினியாவா கெடந்த?” என்றாள் அக்கா மறுநாள். அவள் குரல் மிகவும் மெலிந்திருந்தது.

“ஆமாக்கா.”

“சரி, அதுவும் கணக்குதான். பொய் மட்டும் எளுதிராத நைனா.”

6

இன்னும் சில நாள் நடந்தால் தூரம் முடிந்துவிடும் என்ற இடத்தில், காலையில் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அந்தோணி கூப்பிட்டான். அந்த நேரத்தில் அங்கிருந்து அழைப்பு வரவே வராது. பெயரைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டேன்.

“மாமா, அம்மா பூட்ச்சி மாமா.”

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவள், மூச்சு முட்டுது என்றாளாம். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள்.

போக முடியாது என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது என்றார்கள். போனைக் கடலில் எறியலாம் போல இருந்தது. அந்தப் போனில்தான் அடுத்த நாள் அடக்கத்தைப் பார்த்தேன். ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்; எவனோ ஒரு பையன் கையில் ஆடி ஆடிப் போகும் படத்தில், பெட்டியின் ஒரு மூலையும் நிறைய முதுகுகளும் தெரிந்தன. திருவொற்றியூர் மீன்காரப் பெண்கள் அழுத சத்தத்தில் எனக்கு ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரிந்தது. கல்லறைக்குள் நுழையும் இடத்தில் சிக்னல் போய்விட்டது.

நாயோடு வந்த ஒரு முதியவர் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, தன் மதிய உணவைப் பிரித்து என் பக்கம் தள்ளிவிட்டு, தன் பஸ் வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அந்தோணியிடம் பேசினேன். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது என்றான். “உனுக்கு அங்க யாரு மாமா குடுத்தா?” என்று கேட்டான். சொன்னேன். பேர் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன் என்றேன்.

“பரவால்ல. மாமா, ஒண்ணு சொல்லட்டா? நீ வூட்டுக்குப் போ. போதும்.”

“இன்னும் கொஞ்சம்தான்டா பாக்கி. முடிச்சிட்டுப் போறேன். அக்கா கணக்கு அது.”

“பாக்கிய நான் நடக்கறேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மூளை இருக்கா உனக்கு? வாசப்படி இறங்கவே கட்டை வேணும். அந்தக் காலை வெச்சிக்கினு எங்கடா நடப்ப?”

“இந்தக் காலுக்குத்தானே மாமா வேண்டிக்கினுச்சி?” என்றான்.

ஜெனியைக் கூப்பிட்டேன். மறுநாள் ஜெனி காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். எந்தப் பாதையையும் பாதியில் விடாதவள், ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை. வழியில் நானாகச் சொன்னேன். தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கை மாற்றுவது போலவா என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு ஆமாம் என்று விட்டுவிட்டேன். அத்தானிடம் பேச வேண்டும் என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் ஒரு வரி கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். போன் கிடைத்ததும் “அத்தான்” என்று மட்டும் சொன்னாள். மீதி வரவில்லை, அழுதாள். அது போதுமாக இருந்தது அவனுக்கு.

7

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அந்தோணி நடந்தான். எண்ணூரில் தன் வாசலில் தொடங்கி, சப்பரம் கிளம்பும் ராயபுரம் கோயிலைப் பார்த்து. முதல் வாரம் பஸ் நிறுத்தம் வரை. அடுத்த வாரம் ஆட்டோவில் அதே நிறுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து இன்னும் கொஞ்சம். சில வாரம் இடுப்பு வலித்துப் படுத்துவிடுவான். மழைக்காலத்தில் நடக்கவே முடியவில்லை. கோயிலைத் தொட்டால் திரும்பவும் வாசலிலிருந்து. பாக்கித் தூரம் தீரும் வரை அப்படித்தான் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

நடந்த அன்றைக்கு எனக்குப் போன் வரும். நான் சமையலறை மேசையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்காருவேன். முன்பு நான் படிக்க அக்கா கேட்டாள். இப்போது அவன் சொல்ல நான் எழுதுகிறேன்.

“ட்ரெய்லருங்க லைன் கட்டி நிக்கிது மாமா, தூசி தாங்கல. ஒரு வண்டிக்கு அடியில இந்திக்காரரு ஒருத்தரு ரொட்டி சுட்டுகினு இருந்தாரு. கட்டையப் பாத்துட்டு ‘பைட்டோ’ன்னாரு. குந்தினேன். ரெண்டு ரொட்டி, ஒரு வெங்காயம். பேரு ராம்லால். எளுதிக்கினியா?”

“எழுதிட்டேன்.”

“தேரடிகிட்ட ஒரு ஆயா மோர் குடுத்துச்சி. பேரு சொல்ல மாட்டேன்னுச்சி.”

“பேர் சொல்லாத ஆயான்னே எழுதறேன்.”

போன சனிக்கிழமை கடைசித் துண்டு. காசிமேட்டிலிருந்து கோயில் வரை. அக்கா அந்த ஆகஸ்டில் காவி கட்டிக் கிளம்பியிருக்க வேண்டிய இடம் அந்தக் கோயில் வாசல்தான். நான் காலையிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைத்தபோது அவனுக்கு மூச்சு இரைத்தது.

“வந்துட்டேன் மாமா. படி மட்டும்தான் பாக்கி. ஏறணும்னா ரெண்டு கையும் வோணும். போன சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கறேன். கட் பண்ணிராத.”

துணி உரசும் சத்தம். ஒரு லாரி ஹாரன். யாரோ “புடிக்கட்டா தம்பி?” என்றார்கள். “வோணாம்ணே” என்றான். பிறகு கட்டை கல்லில் பதியும் சத்தம், ஒரு முனகல், கொஞ்சம் மௌனம், மறுபடி கட்டை. அவன் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. எத்தனை படி என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் ஓடி ஓடி ஏறிய படிகள். ஆனால் எண்ணத் தோன்றவில்லை. ஒரு இடத்தில் கட்டை வழுக்கியது. நான் இங்கே எழுந்து நின்றுவிட்டேன். நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

“ஏறிட்டேன் மாமா. அம்மாது முடிஞ்சிடுச்சி.”

அடக்கத்தை அந்தப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, சின்னப் பையனைப் போல அழுதேன். அவன் கொஞ்ச நேரம் விட்டுவிட்டான்.

“அளுவாத மாமா,” என்றான். “எளுது.”